முடியளவு கோடு

ஜூன் 3, செவ்வாய்

‘த’ முடிந்தது. இந்த ஒரு எழுத்து என்னைப் படுத்திய பாடு போதும். நிமிர்ந்து நிற்கும் கோடு விரல் கனம், வளைந்து கீழே இறங்கும் வால் தலைமுடி கனம். இரண்டும் சேரும் இடத்தில் கண்ணை ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. இன்று காலை மாவு வழித்துக்கொண்டிருக்கும்போது எங்கே தப்பு என்று பிடிபட்டது. கையைச் சரியாகக் கழுவாமல் ஓடிவந்து உட்கார்ந்ததில் மவுஸ் எல்லாம் உளுந்து.

பூந்துகில் பட்டு மாளிகைக்காக நான் வரைகிற எழுத்துரு இது. பைபாஸ் ரோட்டில் அவர்களுடைய புதுக் கடை ஆவணியில் திறக்கிறது. நாற்பது அடி போர்டு, பை, பெட்டி, விளம்பரம் எல்லாம் இந்த ஒரே எழுத்தில். ஆங்கில பேஷன் பத்திரிகை அட்டைகளில் பார்த்திருப்போம், ஒரு பக்கம் கனத்து, ஒரு பக்கம் இழையாக மெலிந்து, முனையில் ஊசி போலச் சின்னப் பாதம் ஊன்றி நிற்கும் எழுத்து. அந்த நிமிர்வு தமிழுக்கு ஏன் கூடாது என்று எனக்குப் பல வருட ஆத்திரம். நம் ஊரில் பெரிய கடை என்றால் எழுத்தைக் குண்டாக்கு, தங்கக் கலர் அடி, பின்னால் நிழல் வை. முடிந்தது கதை.

அதற்காக ஆங்கிலக்காரியின் செருப்பைக் கழற்றி நம் எழுத்துக்கு மாட்டவில்லை. தமிழ் எழுத்து எங்கே தொடங்கி எங்கே முடிகிறதோ, அங்கே மட்டும்தான் பாதம். இது பெரிதாக வைப்பதற்கு மட்டுமான எழுத்து. சிறிதாக்கினால் மெல்லிய கோடெல்லாம் காணாமல் போய்விடும். போகட்டும். எல்லா வேலைக்கும் ஒரே ஆளைக் கூப்பிட முடியுமா?

அம்மா ஒன்றரை இட்லி சாப்பிட்டாள். மீதியை நான் பார்க்காத நேரத்தில் காக்காவுக்கு வைத்துவிட்டாள். வெயில் அப்படி.

ஜூன் 8, ஞாயிறு

பூந்துகில் முதலாளி சங்கரபாண்டியன் அண்ணாச்சி கடைக்கு வரச் சொன்னார். பெரிய தாளில் கடைப் பெயரை அச்சடித்து எடுத்துப் போனேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார், தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு செண்பகம். நல்ல களையா இருக்கு. ஆனா இந்தக் கோடு என்ன இப்படி நோஞ்சானா இருக்கு? கொஞ்சம் சதை போடக் கூடாதா?”

“சதை போட்டா அது வேற எழுத்து அண்ணாச்சி.”

“கொஞ்சம்தானே கேக்கேன்.”

“கொஞ்சம் போட்டாலும் வேறதான்.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மெல்லிய கோடு மெல்லியதாக இருப்பதால்தான் கனத்த கோடு கனமாகத் தெரிகிறது. இரண்டையும் சமாதானப்படுத்தி வைத்தால் அது அரசு அலுவலகத்து அறிவிப்புப் பலகை. இதை அவரிடம் மரியாதையாகச் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். கணக்குப்பிள்ளை திரும்பிப் பார்த்தார், அதனால் சரியாகத் தெரியவில்லை.

இந்த எழுத்து நான் வரைந்தபடியே வெளியே போக வேண்டும். இல்லையென்றால் போகவே வேண்டாம்.

ஜூன் 14, சனி

தண்ணீர் வரவில்லை. அம்மாவுக்குத் தலைக்கு ஊற்றுவதாகச் சொல்லியிருந்தேன், முடியவில்லை.

நாற்காலியை என் மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வது அம்மாவின் புதுப் பழக்கம். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம், உட்கார்ந்தால் பரவாயில்லையாம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் ஊர்ப்பேச்சு கேட்டவள் சும்மா உட்காருவாளா?

“ஏட்டி, நாள் பூரா ஒரு எழுத்தையே பாத்துக்கிட்டிருக்கியே, அதென்ன உன் மாப்பிள்ளையா?”

“மாப்பிள்ளைய இவ்வளவு நேரம் பாத்திருந்தா ஓடிப்போயிருக்க மாட்டான்னு சொல்ல வாரியா?”

“நான் ஒண்ணும் சொல்லலப்பா. அவன் மூஞ்சிக்கு இது எவ்வளவோ மேல்.”

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்ததில் அவளுக்கு இருமல் வந்து அடங்க நேரமானது. பிறகு, “என் பேரை இதுல போட்டுக் காட்டு” என்றாள்.

பேச்சியம்மாளுக்கு முதலில் வருகிற இரட்டைச் சுழிக் கொம்பு இன்னும் சரியாக வரவில்லை. ‘ச்’ மேல் புள்ளியை வட்டமாக வைப்பதா, வைரம் மாதிரிச் சாய்த்து வைப்பதா என்று முடிவாகவில்லை. அரைகுறையாகக் காட்ட எனக்குப் பிடிக்காது. அடுத்த வாரம் காட்டுகிறேன் என்றேன்.

“சரி, அவசரமில்ல” என்றாள்.

ஜூன் 19, வியாழன்

‘ழ’ நன்றாக வந்திருக்கிறது. அம்மாவின் கால் வீக்கம் உப்பினால்தான். அப்பளத்தை நிறுத்திவிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

ஜெயித்தேன்!

கடைப் பெயரைத் துணியில் பெரிதாக அச்சடித்து, கட்டி முடியாத புதுக் கட்டிடத்தின் முன்னால் தொங்கவிட்டேன். அண்ணாச்சியை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், பஸ் நிறுத்தத்தை ஒட்டிய நீளச் சுவரடியில் கொண்டுபோய் நிறுத்தினேன். நடுவில் லாரியும் பஸ்ஸும் போய்க்கொண்டிருக்க, அவர் அண்ணாந்து பார்த்தபடி நின்றார். நோஞ்சான் கோடு அத்தனை தூரத்திலும் பளிச்சென்று தெரிந்தது. பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண், “யம்மா, எழுத்தே பட்டு மாதிரி இருக்கு” என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். அவளுக்கு நான் காப்பி வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும்.

“சரிம்மா, உன் இஷ்டம்” என்றார் அண்ணாச்சி. “ஆவணியில ஏத்திருவோம்.”

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கண்ணைத் திறக்காமல் கேட்டுவிட்டு, “நீ யாருட்ட தோத்த?” என்றாள். கேட்ட நேரம் ரசம் பொங்கிவிட்டது, அடுப்புக்கு ஓடினேன்.

ஜூன் 29, ஞாயிறு

டாக்டர் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார். அம்மா மாட்டேன் என்றுவிட்டாள். “பெட்டுக்குப் பெட்டு கதை கேட்டு எனக்கு அலுத்துப்போச்சு” என்றாள். அவள் பிடிவாதம் ஊரறிந்தது. நான் யாரிடமிருந்து வாங்கினேன் என்று எல்லோரும் கேட்பார்கள்.

தம்பி இசக்கிமுத்துவுக்குச் சென்னைக்குப் போன் செய்தேன். சனிக்கிழமை வருகிறானாம். அவ்வளவு அவசரம் ஒன்றும் இல்லை என்று நானும் சொன்னேன்.

கொம்பு சரியாகிவிட்டது. புள்ளியை வைரமாகவே வைக்கப் போகிறேன். நாளைக்கு அவளுக்குப் பேரைப் போட்டுக் காட்டிவிட வேண்டும்.

ஜூலை 1, செவ்வாய்

அம்மா காலையில் போய்விட்டாள்.

ஜூலை 5, சனி

எழுத உட்கார்ந்தால் எழுத வரவில்லை. நடந்ததை மட்டும் எழுதி வைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை வீடு நிறைய ஆள். தம்பி விமானம் பிடித்து மதியத்துக்குள் வந்துவிட்டான். போஸ்டர் அடிக்க யாராவது போக வேண்டும் என்றார்கள். நான் போகிறேன் என்றேன். பொம்பளைப் பிள்ளை இந்த நேரத்தில் வெளியே போவதா என்று யாரோ கேட்டார்கள். யார் என்று பார்க்கக்கூட இல்லை, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். தம்பி பின்னாலேயே வந்தான்.

முருகன்குறிச்சியில் மைதீன் பாயின் பிளெக்ஸ் கடை. போஸ்டரும் அங்கேதான். மனிதர் நல்லவர், என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். கம்ப்யூட்டரில் தயாராக ஒன்று வைத்திருந்தார். எரிகிற குத்துவிளக்கு, கண்ணீர் வடிகிற ஒரு ஜோடிக் கண், ஊதா வானம், ரோஜாப்பூ, நடுவில் குண்டு எழுத்து. எங்கள் அம்மா அதைப் பார்த்திருந்தால் எழுந்து வந்து அவரை அறைந்திருப்பாள்.

எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னேன். வெள்ளைத் தாள், கறுப்பு மை, எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அம்மா சிரிக்கிற படம். பென்டிரைவில் என் எழுத்து இருந்தது. வேறு நல்ல எழுத்து கைவசம் இல்லாததால் அதையே போட்டேன். அவர் கடைப் பழைய சாப்ட்வேரில் என் எழுத்து ஓடவில்லை. அதனால் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படமாக வைத்துப் பெயரைச் சேர்த்தேன். பே. ச். சி. ய. ம். மா. ள். தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும்.

“கண்ணீர் அஞ்சலின்னு மேல போடணும்லாக்கா?” என்றார் பாய்.

“வேண்டாம். பேரு மட்டும் போதும்.”

கீழே ‘மகள் செண்பகவல்லி, மகன் இசக்கிமுத்து’ என்று போட்டேன்.

“அக்கா, மகன்னு என் பேரு போடுவாங்க, மருமகன் பேரு போடுவாங்க. மக பேரு போடுத வழக்கம் இல்லையே” என்றான் தம்பி மெதுவாக.

“மருமகன் இருக்கானா?”

“இல்ல.”

“மக இருக்கால்லா?”

இரண்டு பேரும் வீட்டுக்குத் திரும்பினோம். அம்மாவின் தம்பி பிறந்த வீட்டுச் சீராகக் கோடிச் சேலை கொண்டுவந்து போர்த்தினார். அரக்குப் பட்டு. மறுநாள் காலையில் அம்மாவை எடுத்தோம். ஆற்றங்கரையிலிருந்து திரும்பும்போது கார் ஜன்னலில் பார்த்தால் சுவருக்குச் சுவர் அம்மா. பாயின் ஆட்கள் ஊர் முழுக்க ஒட்டியிருந்தார்கள். பூந்துகில் புதுக் கடைக்கு எதிர்ச் சுவரிலும் ஒன்று.

எழுத்து நன்றாக இருந்தது. அதை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 12, சனி

பஸ்ஸில் வரும்போது சமாதானபுரம் சுவரில் ‘மாசிலாமணி’ என்று பார்த்தேன். என் எழுத்து.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்து பார்த்தேன். யாரோ பெரியவர், ரிட்டயர்டு தாசில்தார், தொப்பி வைத்த படம். பாய் வேலை. அம்மாவின் போஸ்டரைப் பிரித்துப் போட்டுப் பெயர் கட்டியிருக்கிறார். ‘மா’ அம்மாவுடையது. ‘சி’ அம்மாவுடையது. ‘ல’, ‘ண’ இரண்டும் என் பெயரிலிருந்து. எங்கள் வீட்டு எழுத்தில் தாசில்தார் செத்துப்போயிருக்கிறார்.

கோபம் வர வேண்டும் என்று நின்று பார்த்தேன். வந்த மாதிரி இல்லை. எழுத்துகளுக்கு நடுவில் இடைவெளி மட்டும் மோசம்.

ஜூலை 16, புதன்

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்தது. தம்பி கிளம்பிவிட்டான். பாத்திரம் எல்லாம் வீட்டுக்கு வீடு திருப்பிக் கொடுத்தாயிற்று. அம்மாவின் நாற்காலி மேசைப் பக்கத்திலேயே கிடக்கிறது. இடைஞ்சலாகத்தான் இருக்கிறது, நாளைக்கு நகர்த்த வேண்டும்.

ஜூலை 18, வெள்ளி

இன்று வந்தது பாருங்கள் கோபம்.

மார்க்கெட் வாசலில் ‘ஞானத்தாய்’ என்று ஒரு போஸ்டர். நான் ‘ஞ’ இன்னும் வரையவே இல்லை. கடை போர்டுக்கும் விளம்பரத்துக்கும் வேண்டிய எழுத்துகளைத்தான் முதலில் வரைந்துகொண்டிருந்தேன். பாய் என்ன செய்திருக்கிறார் என்றால், ‘இ’யின் வயிற்றை வெட்டி, ‘க’வின் முதுகில் ஒட்டி, அதற்கு ஒரு கால் மாட்டி, ‘ஞ’ என்று நிறுத்தியிருக்கிறார். அது எழுத்து இல்லை, ஆக்சிடெண்டு. பாவம் அந்த அம்மா, படத்தில் எவ்வளவு லட்சணமாகச் சேலை கட்டி உட்கார்ந்திருக்கிறாள்!

நேரே முருகன்குறிச்சிக்குப் போனேன்.

“யாரக் கேட்டு ‘ஞ’ போட்டீங்க?”

பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். “அக்கா, தப்புதான். உங்ககிட்ட கேட்டிருக்கணும். ஆனா நான் என்ன செய்ய? வாரவங்க எல்லாம் அந்தப் பேச்சியம்மா போஸ்டர் எழுத்துல போடுங்கன்னு வந்து நிக்காங்க. வெளக்கு வேண்டாங்காங்க, ரோஜாப்பூ வேண்டாங்காங்க. எங்கிட்ட இருக்கிறதே உங்க அம்மா போஸ்டர்ல உள்ள எழுத்துதான். இல்லாததை ஒப்பேத்துதேன்.”

“ஒப்பேத்தாதீங்க.”

“அப்ப நிறுத்திரவா?”

“நிறுத்தச் சொல்லல. இல்லாத எழுத்து வந்தா எனக்குப் போன் போடுங்க, வரைஞ்சு அனுப்புதேன். நீங்க கத்திரிக்கோல எடுக்கக் கூடாது. இன்னொண்ணு, இழைக் கோட்டுல பார்டர் கொடுத்து தடிமனாக்குத வேல வச்சுக்கிடாதீங்க. தெரிஞ்சா கடைக்கே வந்துருவேன்.”

“இப்பவும் வந்துதானே இருக்கீங்க” என்றார் பாய்.

பேச்சியம்மா போஸ்டர் எழுத்து. அப்படித்தான் சொல்கிறார்களாம்.

ஜூலை 20, ஞாயிறு

‘ஞ’.

ஜூலை 27, ஞாயிறு

ஊர் சாகிற வரிசையில் எழுத்து வரைந்துகொண்டிருக்கிறேன். நான் பாட்டுக்கு க, ங, ச என்று வரிசையாகப் போயிருந்தால் வருடக்கணக்கில் இழுத்திருப்பேன். இப்போது பாயின் போன் வந்தால் அந்த எழுத்தை அன்றைக்கே முடித்தாக வேண்டும். ஆறுமுகநயினாருக்கு ‘ஆ’. ஜெபகனிக்கு ‘ஜெ’. ஊமைத்துரை என்று ஒரு பால்காரருக்கு ‘ஊ’. ‘ஊ’வை எனக்கு எப்போதுமே பிடிக்காது, அந்த மனிதருக்காக உட்கார்ந்து சண்டை போட்டதில் இப்போது அதுதான் எல்லாவற்றிலும் அழகு. அவர் வீட்டில் அடக்கம் முடிந்து பாயிடம் வந்து, யார் வரைந்தது என்று கேட்டார்களாம்.

காலையில் சமைக்கிறேன், குளிக்கிறேன், உட்காருகிறேன். நன்றாகத்தான் இருக்கிறேன். ஒரு ஆளுக்குச் சமைக்க அளவு மட்டும் இன்னும் வரவில்லை.

ஜூலை 31, வியாழன்

அண்ணாச்சி போன். “நேர்ல வந்து பேசுதேன்” என்றார். அவர் நேரில் வருகிற ஆள் இல்லை.

ஆகஸ்ட் 2, சனி

வந்தார். சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த அம்மா படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். காப்பி வேண்டாம் என்றார். பிறகு குடித்தார்.

“செண்பகம், கோவப்படாம கேக்கணும். அந்த எழுத்து செத்துப்போச்சும்மா.”

நான் காலி டம்ளரை எடுத்துக்கொண்டேன்.

“ஊரே சாவு எழுத்துங்கு. நம்ம கடைக்கு எதிர்ச் சுவத்துல மட்டும் அஞ்சாறு போஸ்டர் இருக்கு, எல்லாம் அதே எழுத்து. முகூர்த்தப் பட்டு எடுக்க வாரவ எங்க போர்ட அண்ணாந்து பாத்தா, யாரு தவறிட்டாங்கன்னு கேப்பா.”

சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டார்.

“அண்ணாச்சி, உங்க கடையில கோடி விக்கலையா?”

“என்னது?”

“எங்கம்மாவுக்கு எங்க மாமா கோடிச் சேல எடுத்தது உங்க பழைய கடையிலதான். கட்டப்பை எங்க வீட்டுலதான் கிடக்கு. கல்யாணத்துக்கும் உங்ககிட்டதான் வாராங்க, சாவுக்கும் உங்ககிட்டதான் வாராங்க. அதே பட்டு, அதே ஜரிகை. பட்டுல இருக்க தீட்டு எழுத்துல மட்டும் எங்கிருந்து வந்துச்சு?”



“விக்கேன்” என்றார். “நாளைக்கும் விப்பேன். எந்நேரம் வந்து தட்டினாலும் சைடு ஷட்டரத் தூக்கிக் கொடுப்பேன். அந்தச் சேலைக்கு நான் பேரம் பேசவிட மாட்டேன், கேட்டுப் பாரு. ஆனா இங்க கோடி கிடைக்கும்னு வாசல்ல போர்டு வைக்கேனா?”

நல்ல பதில். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது.

போகும்போது வாசலில் நின்று, இரண்டு வழி சொன்னார். ஒன்று, மெல்லிய கோட்டைக் குண்டாக்கி ஆள் அடையாளம் தெரியாமல் மாற்றிக் கொடுத்துவிடு. இல்லையா, பாய்க்கு எழுத்து கொடுப்பதை நிறுத்து, எதிர்ச் சுவரில் இருக்கிற போஸ்டர்களை எல்லாம் எடுக்கச் சொல்லு. மூன்று வாரத்தில் ஊர் மறந்துவிடும், போர்டை ஏற்றிவிடலாம்.

“எல்லாத்தையும்னா?”

“எல்லாத்தையும்தான் தாயி. உங்கம்மாவோடதையும்.”

ஆகஸ்ட் 6, புதன்

தம்பியிடம் சொன்னேன். “அக்கா, அம்மா போஸ்டர் மழை பெஞ்சா தன்னால போயிரும். போர்டு இருபது வருசம் நிக்கும். நீ எத்தன வருசமா இதுக்கு அலையுத? யோசி” என்றான்.

அவன் சொல்வதில் தப்பே இல்லை. நாற்பது அடி. திருச்செந்தூர் போகிற பஸ், நாகர்கோவில் போகிற பஸ் எல்லாவற்றிலும் இருந்து பார்ப்பார்கள். ஆசை இல்லை என்று எழுதினால் பொய். கண்ணை மூடினால் அந்தப் ‘பூ’ கட்டிடத்து உச்சியில் நிற்பது தெரிகிறது. அதன் சுழியை நான் எப்படி வரைந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

குண்டாக்க மாட்டேன். அது முடிந்துபோன பேச்சு. ஆனால் அந்த இரண்டாவது வழி...

வெண்டைக்காய் வாங்கினேன், முற்றல்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இனிமேல் எழுத்து தர முடியாது என்று சொல்லலாம் என்று பாய்க்குப் போன் செய்தேன். அவர் முந்திக்கொண்டு, “அக்கா, நம்ம ஊமைத்துரை அண்ணன் வீட்டம்மா வந்தாங்க. போஸ்டர்ல ஒண்ணு கையில வேணும்னு கேட்டாங்க. சட்டம் போட்டு மாட்டப் போறாங்களாம். அவரு பேர இவ்வளவு அழகா எங்கயும் பாத்ததில்லன்னு அழுதாங்க” என்றார்.

எதற்குப் போன் செய்தேன் என்று கேட்டார். சும்மாதான் என்றேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

அண்ணாச்சி மறுபடி வந்தார். கூடவே போர்டு செய்கிற கான்ட்ராக்டர். திறப்பு விழா அடுத்த வியாழக்கிழமை. இன்றைக்கு முடிவு தெரிந்தால்தான் இரும்பு வெட்ட முடியுமாம்.

“சொல்லு செண்பகம். எதிர்ச் சுவத்த நானே ஆள் வச்சுச் சுத்தம் பண்ணிக்கிடுதேன். பாய்கிட்ட மட்டும் நீ ஒரு வார்த்த சொல்லிரு.”

வாயைத் திறக்கும்போது போன் அடித்தது. பாய். எடுத்தேன்.

“அக்கா, சௌந்தரம்னு ஒரு அம்மா. தச்சநல்லூர். ‘சௌ’ நம்மகிட்ட இல்ல. நாளைக் காலையில எடுக்காங்க. முடியுமா?”

அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கான்ட்ராக்டர் டேப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

சௌந்தரம் யாரென்று எனக்குத் தெரியாது. நல்லவளா, கொடுமைக்காரி மாமியாரா, எதுவும் தெரியாது. ஆனால் ஆயுசு முழுக்க ரேஷன் கார்டிலும் ஆஸ்பத்திரிச் சீட்டிலும் பொடி எழுத்தில் பேரைப் பார்த்தவளாகத்தான் இருப்பாள். ஒரே ஒரு நாள் அவள் பேர் ஊர்ச் சுவரில் பெரிதாக நிற்கப் போகிறது. அதை ஒப்பேற்றச் சொல்ல எனக்கு மனது வரவில்லை.

எங்கள் அம்மா கேட்டாள், நான் அடுத்த வாரம் என்றேன்.

“முடியும் பாய். சாயங்காலத்துக்குள்ள அனுப்புதேன்” என்றேன். போனை வைத்தேன்.

“அண்ணாச்சி, சொல்லிட்டேன்.”

“என்கிட்ட ஒண்ணும் சொல்லலையேம்மா.”

“இப்ப சொன்னேன்லா, அதுதான். எழுத்தக் குண்டாக்க மாட்டேன். குடுக்கிறத நிறுத்த மாட்டேன். எங்கம்மா போஸ்டர்ல கை வச்சா, அதே சுவத்துல பத்தா ஒட்டுவேன். போர்டுக்கு வேற எழுத்து பாத்துக்கிடுங்க.”

“சாவு எழுத்துன்னே பேர் நெலச்சிரும். ஒருத்தன் வாங்க மாட்டான். உன் பொழப்பு போயிரும் செண்பகம்” என்றார். மிரட்டவில்லை, உண்மையிலேயே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

“நெலைக்கட்டும் அண்ணாச்சி. இந்த ஊர்ல இனிமே ஒருத்தரும் அசிங்கமான எழுத்துல சாக மாட்டாங்க. அது போதும்.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். கான்ட்ராக்டர் கேட் அருகே நின்று, “யக்கா, எங்கய்யாவுக்கு முடியாம இருக்கு” என்று குரலைத் தாழ்த்தி ஏதோ சொல்ல வந்து, அண்ணாச்சி ஹாரன் அடித்ததும் ஓடினார்.

‘சௌ’ எளிதில்லை. முன்னால் கொம்பு, பின்னால் ‘ள’ மாதிரி ஒரு குறி. அந்தக் குறி ‘ள’வுக்குத் தங்கை மாதிரி இருக்க வேண்டும், ‘ள’வாகவே இருந்துவிடக் கூடாது. வெளிச்சம் இருக்கும்போதே முடித்து அனுப்பிவிட்டேன். பிறகு அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். நாற்காலி அங்கேயே கிடக்கட்டும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்தது. தம்பிக்குச் சொன்னேன். “நீ அம்மா மகதான்” என்றான். திட்டினானா, பாராட்டினானா என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

பூந்துகில் திறப்பு விழா. போக வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. வேடிக்கை பார்க்கத்தான் போனேன்.

வாழை மரம், நாதஸ்வரம், ரோஸ் கலர் பட்டில் வரிசையாகப் பெண்கள். மேலே நாற்பது அடி போர்டு. குண்டு எழுத்து, தங்கக் கலர், பின்னால் நிழல். ‘துகில்’ பஞ்சு மூட்டை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. நன்றாகத் திட்டிக்கொண்டே ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் வந்தேன். அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று.

அம்மா இல்லை.

அண்ணாச்சி கிழித்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டத்தில் போய்ப் பார்த்தால் யாரும் கிழிக்கவில்லை. அம்மாவின் மேலேயே பாயின் ஆட்கள் புதுப் போஸ்டரை ஒட்டியிருந்தார்கள். பசை காய்ந்து, ஓரம்கூடத் தெரியாமல் அப்பியிருந்தது. வெள்ளைத் தாளில் கறுப்பாக, தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், ‘சௌந்தரம்’.

நகத்தால் ஒரு முனையைச் சுரண்டப் போனேன். சுரண்டினால் சௌந்தரம் கிழிவாள். கையை எடுத்துக்கொண்டேன்.

படத்தில் மூக்குத்தி போட்ட ஒரு கிழவி, யாரையோ அதட்டப் போகிறவள் மாதிரி முகம். ‘சௌ’ கம்பீரமாக நின்றது. இழைக் கோடு எங்கேயும் மங்கவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கெட்டிமேளம் கொட்டினார்கள். நான் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, முந்தானையை வாயில் வைத்து, சத்தம் வராமல் அழுதேன். அழுகை நிற்கவே இல்லை.

பஸ் நிறுத்தத்தில் முறுக்கு விற்கிறவர் எழுந்து வந்து ஒரு பாட்டில் தண்ணீர் நீட்டினார். போஸ்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“சௌந்தரம் உங்களுக்குச் சொந்தமா தாயி?”

“ஆமா” என்றேன். “எங்க வீட்டு ஆளுதான்.”